கல்லாவில் இருப்பதெல்லாம் நம் பணம் அல்ல

நான் எழுத்தாளன் அல்ல. எஸ்.எஸ்.எல்.சி. முடித்த கையோடு 1977-ல் மதுரை கீழமாசி வீதியில் அப்பாவின் மொத்தக் கடையில் உட்கார்ந்தவன். பருப்பும் வத்தலும்தான் எனக்குத் தெரிந்த சரக்கு. பேரேட்டில் எழுதும் பற்று வரவுதான் எனக்குத் தெரிந்த எழுத்து. ஆனாலும் சென்ற ஆண்டு நடந்த ஒரு சம்பவம் மனதை விட்டுப் போகவில்லை. நம்மவர்கள் நாலு பேருக்காவது பயன்படட்டும் என்று இதை எழுதுகிறேன்.

என்னிடம் 19 ஆண்டுகளாகச் சரக்கு எடுத்தவர் ஒரு மளிகைக் கடைக்காரர். ஊரும் பேரும் வேண்டாம். நாலு ரோடு சந்திப்பில் கடை. காலை ஐந்தரைக்குத் திறந்தால் இரவு பத்தரை வரை ஆள் நடமாட்டம் குறையாது. எடை சுத்தம், பேச்சு சுத்தம். குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. அப்படிப்பட்டவர் கடையை மூடிவிட்டார். அலமாரிகளை எடைக்குப் போட்டுக்கொண்டிருந்த அன்று நான் போயிருந்தேன். எனக்கு அவர் தரவேண்டிய பாக்கி 4,60,000 ரூபாய். அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவரே சொன்னார்:

“அண்ணாச்சி, வியாபாரம் குறையவே இல்லை. போன வாரம் வரைக்கும் தினம் இருபதாயிரத்துக்குக் குறையாம வித்தேன். பணம் எங்க போச்சுன்னுதான் தெரியலை.”

இந்த ஒரு வார்த்தைதான் என்னைத் தூங்க விடவில்லை. வியாபாரம் இல்லாமல் கடை மூடினால் காரணம் தெரியும். வியாபாரம் இருந்தும் மூடினால்?

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அதற்கு இரண்டு ஆண்டு முன்பு அவர் மகள் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். மண்டப வாசலில் பெரிய பிளக்ஸ், ஆயிரம் பேருக்கு மேல் சாப்பாடு. என்னை முதல் பந்தியில் உட்கார வைத்து, தானே நின்று கவனித்தார். அன்றைக்கு அவர் கணக்கில் எனக்கு வரவேண்டியது இரண்டு லட்சத்துக்கு மேல். அந்த இலையில் நான் சாப்பிட்டது என் பணத்தைத்தான் என்பது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியவில்லை. தாம்பூலப் பையை வாங்கிக்கொண்டு, “கல்யாணம் பிரமாதம்” என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்றைக்கே தனியாக அழைத்து நாலு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் வருத்தப்படுவார், சரக்கு எடுக்க அடுத்த கடைக்குப் போய்விடுவார் என்று வாயை மூடிக்கொண்டேன். அன்று சொல்லாத நாலு வார்த்தைதான் இந்தக் கட்டுரை.

யாருடைய பணம்?

ஆண்டுதோறும் மே 5 வணிகர் தினத்தில் கூடுகிறோம். சூப்பர் மார்க்கெட் வந்துவிட்டது, வீட்டுக்கே சரக்கு கொண்டுபோய்க் கொடுக்கும் ஆன்லைன் கம்பெனி வந்துவிட்டது, வரிக் கணக்கு பெருகிவிட்டது என்று பேசுகிறோம். எல்லாம் உண்மை. அதற்காகப் போராடத்தான் வேண்டும். ஆனால் வெளியிலிருந்து வரும் ஆபத்தைப் பற்றிப் பேசும் நாம், நம் கல்லாப்பெட்டியில் விழுந்திருக்கும் ஓட்டையைப் பற்றி எந்த மேடையிலும் பேசுவதில்லை.

மேற்படி கடையையே கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். ஒரு நாள் விற்பனை 20,000 ரூபாய். மளிகையில் எல்லாச் சரக்கையும் சேர்த்துச் சராசரியாக நூற்றுக்கு 12 ரூபாய் நிற்பதாக வைப்போம். அப்படியானால் 17,600 ரூபாய் சரக்கின் அசல். அது எனக்கும் என்னைப் போன்ற மொத்த வியாபாரிகளுக்கும் கம்பெனி ஏஜெண்டுகளுக்கும் உரியது. மிச்சம் 2,400. அதில் கடை வாடகை ஒரு நாளைக்கு 350, வேலைப் பையன் சம்பளம் 600, மின்சாரம் 150, பை, சணல், எலி கடித்தது, சிந்தியது, கெட்டுப்போனது 100, வரியும் இதரச் செலவும் 200. ஆக 1,400 போனால் நிற்பது 1,000 ரூபாய்.

கல்லாவில் 20,000 இருக்கிறது. அதில் நம்முடையது என்று மார் தட்டிச் சொல்லத்தக்கது ஆயிரம் ரூபாய் மட்டுமே. பாக்கி 19,000 ரூபாய் ஊரார் பணம். நம் கையில் ஓர் இரவு தங்கிவிட்டுப் போக வந்த விருந்தாளி.

மாதக் கணக்காகப் பாருங்கள். அவர் கை வழியாக ஆறு லட்சம் ரூபாய் போகிறது. சொந்த வருமானம் 30,000. அதே 30,000 சம்பளம் வாங்கும் ஒரு வாத்தியாரோ குமாஸ்தாவோ, கண்ணால் பார்ப்பது அந்த 30,000-ஐ மட்டும்தான். இருபதாம் தேதி பை காலியானால் அவருக்குத் தெரிந்துவிடும், கையைச் சுருக்கிக்கொள்வார். நமக்கு அப்படி இல்லை. மாதக் கடைசியிலும் கல்லா நிறைந்திருக்கிறது. கை நீட்டும்போதெல்லாம் நோட்டு அகப்படுகிறது. இல்லை என்ற சொல்லே நம் காதில் விழுவதில்லை. வியாபாரிக்கு அதிகச் செலவுப் பழக்கம் ஒட்டிக்கொள்வது இதனால்தான். அது குணக்கேடு அல்ல. கல்லா நமக்குக் காட்டும் கண்கட்டு வித்தை.

இப்போது இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். 20,000 விற்றால் 1,000 நிற்கிறது என்றால், அளவுக்கு மீறி ஆயிரம் ரூபாய் செலவு செய்தால் அதை ஈடுகட்ட இன்னும் 20,000 ரூபாய்க்கு விற்க வேண்டும். காலை ஐந்தரையிலிருந்து இரவு பத்தரை வரை நின்ற ஒரு முழு நாள் போயிற்று. குடும்பத்தோடு ஓட்டலுக்குப் போய் 2,000 ரூபாய் பில் கொடுத்தால் இரண்டு நாள் கடை. 30,000 ரூபாய்க்குப் போன் வாங்கினால் ஒரு மாதம் நின்றது முழுக்க அந்தப் போனுக்கே. வாங்கக்கூடாது என்று சொல்லவில்லை. விலையை ரூபாயில் பார்க்காமல், எத்தனை நாள் கடை என்று பார்க்கச் சொல்கிறேன்.

ஓட்டையை மூடி மறைப்பது தவணை

அளவுக்கு மீறிச் செலவு செய்தால் உடனே தெரிய வேண்டாமா? நம் தொழிலில் தெரியாது. காரணம் தவணை.

நாங்கள் 15 நாள், 21 நாள் தவணையில் சரக்குப் போடுகிறோம். பருப்பு மூட்டை பத்து நாளில் விற்றுத் தீர்ந்துவிடும். பணம் கைக்கு வந்துவிட்டது. பில்லுக்கு இன்னும் பதினோரு நாள் இருக்கிறது. இந்தப் பதினோரு நாளில்தான் கை நீளுகிறது. தவணை தேதி வரும்போது அந்தப் பருப்பு விற்ற பணம் இருக்காது. அடுத்து வந்த எண்ணெய் விற்ற பணத்தை எடுத்துப் பருப்புக்காரருக்குக் கொடுப்போம். எண்ணெய்க்காரர் வரும்போது சர்க்கரை விற்ற பணம். இப்படி ஒரு குழியைத் தோண்டி இன்னொரு குழியை மூடிக்கொண்டே மூன்று நாலு ஆண்டு ஓட்டிவிடலாம். வியாபாரம் நடக்கும்வரை வெளியே தெரியாது.

பிறகு என்ன ஆகும்? 21 நாள் பில் 30 நாளாகும், 45 நாளாகும். மொத்தக் கடைக்காரர் முகம் சுருங்கும். கேட்ட சரக்கு முழுதாக வராது. உளுந்து இருக்கும், பாசிப் பருப்பு இருக்காது. இரண்டு தடவை இல்லை என்று கேட்ட வாடிக்கையாளர் மூன்றாம் தடவை வரமாட்டார். அப்போதுதான் வாசலில் தண்டல்காரர் வந்து நிற்பார்.

தண்டல் கணக்கு நம்மில் பலருக்குத் தெரிந்ததுதான். பத்தாயிரம் என்று பேர்; 1,500 பிடித்துக்கொண்டு கையில் 8,500 தருவார்கள். தினம் நூறு ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். வட்டி 1,500 தானே என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே நாம் திருப்பிக் கட்டிக்கொண்டு வருகிறோம். ஆகவே நூறு நாளும் சேர்த்துச் சராசரியாக நம் கையில் நின்ற பணம் 4,300 அளவுதான். 4,300-க்கு நூறு நாளில் 1,500 என்றால் மாதம் நூற்றுக்குப் பத்து ரூபாய் வட்டி! விற்பனையில் நூற்றுக்கு ஐந்து நிற்கும் தொழிலில் பத்து ரூபாய் வட்டி கட்டி யார் பிழைக்க முடியும்?

2003-ல் தமிழக அரசு கொண்டுவந்த சட்டம் கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று பெயர் சொல்லியே தடுக்கிறது. சட்டம் நம் பக்கம் இருக்கிறது. ஆனால் செலவைக் குறைக்காதவரை, ஒருவரிடம் வாங்காவிட்டால் இன்னொருவரிடம் கை நீட்டத்தான் செய்வோம். வங்கி கொடுக்கும் கிரெடிட் கார்டிலும் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிவிட்டு மிச்சத்தைத் தள்ளிப் போட்டால் மாதம் மூன்று ரூபாய்க்கு மேல் வட்டி ஏறுகிறது என்பதை மறந்துவிடக் கூடாது.

நானும் விழுந்தவன்தான்

ஊருக்கு உபதேசம் செய்வதாக நினைக்க வேண்டாம். இந்தக் குழியில் நானும் விழுந்து எழுந்தவன்.

1993-ல் அப்பா காலமானார். தொழில் முழுதும் என் கைக்கு வந்தது. நாலே ஆண்டில் வியாபாரத்தை இரண்டு மடங்காக்கினேன். பழைய அம்பாசிடர் கார் ஒன்று வாங்கினேன். வீட்டுக்கு மாடி எடுத்தேன். கோயில் திருவிழாவா, கபடிப் போட்டியா, நன்கொடை நோட்டில் என் பெயர்தான் முதலில். அழைப்பு வந்த விசேஷம் ஒன்றையும் விட்டதில்லை. ஊரில் பெரிய மனிதன் ஆகிவிட்டதாக எண்ணம்.

1997 மார்ச்சில் ஒரு பருப்பு மில்லுக்குக் கொடுத்த 75,000 ரூபாய் காசோலை வங்கியிலிருந்து திரும்பிவிட்டது. காசோலை திரும்புவது 1989-லிருந்தே சட்டப்படி குற்றம். மில் முதலாளி வக்கீலிடம் போகவில்லை, போன் செய்தார். “தம்பி, உங்க அப்பா காலத்துல இப்படி ஒரு நாளும் நடந்ததில்லை” என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். வக்கீல் நோட்டீஸ் வந்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

அன்று இரவு கடை சாத்திய பிறகு, அப்பா காலத்திலிருந்து எங்களிடம் இருந்த கணக்கப்பிள்ளை என்னை உட்கார வைத்தார். ஒரு வருஷமாக நான் கல்லாவிலிருந்து எடுத்ததை எல்லாம் ‘சொந்தப் பற்று’ என்று ஒரே பக்கத்தில் எழுதி வைத்திருந்தார். நூறு, இருநூறு, ஐந்நூறு என்று பொடிப் பொடியாக எழுதியிருந்தது. பெரிய தொகை என்று எண்ணிப் பத்துக்கூட இல்லை. அடியில் கூட்டுத் தொகை 2,37,000. அந்த ஆண்டு கடையில் நின்ற நிகர லாபம் 1,28,000.

“தம்பி, நீங்க எடுத்ததுல உங்க பணம் ஒரு லட்சத்து இருபத்தெட்டாயிரம். மிச்சம் ஒரு லட்சத்து ஒன்பதாயிரம் யாரு பணம், சொல்லுங்க?” என்று கேட்டார்.

நான் பேசவில்லை. அவரே சொன்னார்: “மில்காரங்க பணம். நாம கேக்காம எடுத்திருக்கோம்.”

அதற்கு வேறொரு பெயர் உண்டு. பெரியவர் மரியாதைக்காக அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. எனக்கு மட்டும் கேட்டது.

மறுநாள் என் மனைவி முப்பது பவுன் நகையைக் கழற்றிக் கொடுத்தாள். வங்கியில் அடகு வைத்து மில் பாக்கியை அடைத்தேன். அம்பாசிடரை விற்றேன். கணக்கப்பிள்ளை எனக்கு மாதம் 7,000 ரூபாய் சம்பளம் என்று நிர்ணயித்தார். கல்லாச் சாவி அவரிடம். முதலாளியான நானே சீட்டில் கையெழுத்துப் போட்டுத்தான் சம்பளம் வாங்க வேண்டும். வேலையாட்கள் முன்னால் கூச்சமாக இருந்தது. முதல் மூன்று மாதம் பதினைந்தாம் தேதியே கை வறண்டுவிட்டது. நாலாம் மாதத்திலிருந்து பழகிவிட்டது. நகையைத் திருப்ப மூன்று ஆண்டு ஆயிற்று. கணக்கப்பிள்ளை இன்று இல்லை. அவர் போட்ட சம்பளத் திட்டம் இன்றும் எங்கள் கடையில் இருக்கிறது. தொகை மட்டும் மாறியிருக்கிறது. இப்போது என் மகனும் சீட்டில் கையெழுத்துப் போட்டுத்தான் எடுக்கிறான்.

முதலில் எடுத்து வைத்த முன்னோர்கள்

இதெல்லாம் புதிய கண்டுபிடிப்பு அல்ல. நம் முன்னோர்கள் மகமை என்று எடுத்து வைத்தார்கள். லாபம் பார்த்து, செலவு போக மிஞ்சினால் கொடுப்பது அல்ல மகமை. சரக்கு கை மாறும்போதே மூட்டைக்கு இவ்வளவு என்று முதலில் எடுத்து வைப்பது. வீட்டுப் பெண்களும் உலையில் அரிசி போடும் முன் ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போட்டார்கள். அந்தப் பிடி அரிசியிலும் மகமையிலும் பள்ளிக்கூடம் நடந்தது. விருதுநகரில் பெருந்தலைவர் காமராஜர் படித்த சத்திரிய வித்யாசாலா பள்ளி அப்படி வளர்ந்ததுதான். மிஞ்சியதைச் சேர்ப்போம் என்று இருந்திருந்தால் ஒரு செங்கல்கூட ஏறியிருக்காது. முதலில் எடுத்து வைத்தால் மிச்சத்தில் குடும்பம் நடத்தப் பழகிக்கொள்கிறோம். மனிதனின் இயல்பு அப்படி.

வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் சொல்வதும் இதுவே. வரவு சிறிதாக இருப்பதால் கெடுதல் இல்லை. செலவு போகும் வழி அகலாமல் இருந்தால் போதும் என்கிறார். அரசனுக்குச் சொன்னது அண்ணாச்சிக்கும் பொருந்தும்.

பழக்கத்தை விடுவது எப்படி?

பழக்கம் என்பது ஒரே நாளில் போகாது. நான் செய்து பார்த்ததையும், என்னிடம் சரக்கு எடுப்பவர்கள் சிலர் செய்து பயன் கண்டதையும் வரிசையாகச் சொல்கிறேன்.

1. ஒரு மாதம் எழுதுங்கள். முதல் மாதம் எதையும் குறைக்க வேண்டாம். கல்லாவிலிருந்து வீட்டுக்கோ சொந்தத்துக்கோ எடுக்கும் ஒவ்வொரு ரூபாயையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். டீ, பெட்ரோல், பேரனுக்கு வாங்கிய பலூன் வரை எழுத வேண்டும். மாதக் கடைசியில் கூட்டுங்கள். அந்தத் தொகையே பாதி வைத்தியம் செய்துவிடும்.

2. உங்களுக்குச் சம்பளம் போடுங்கள். நிகரமாக நிற்பது 30,000 என்றால் 20,000 மட்டும் வீட்டுக்கு. அதையும் வாரம் 5,000 வீதம் சனிக்கிழமை ஒரே நாளில் எடுத்துவிடுங்கள். மாதச் சம்பளத்தைவிட வாரச் சம்பளம் நமக்கு எளிது. தவறினாலும் நாலே நாளில் திருந்திக்கொள்ளலாம். மீதிப் 10,000-ல் பாதி பழைய பாக்கிக்கு, பாதி கடையின் கையிருப்புக்கு.

3. இரண்டு கணக்கு வையுங்கள். 2016-ல் யு.பி.ஐ. வந்தது. அதே ஆண்டு நவம்பரில் பழைய 500, 1,000 ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவித்த பிறகு சின்னக் கடைகளிலும் கியூ.ஆர். அட்டை வந்துவிட்டது. நல்ல வசதிதான். ஆனால் பல கடைகளில் கடைப் பணம் வந்து சேரும் கணக்கிலிருந்தே வீட்டு மின் கட்டணம், பையனின் போன் ரீசார்ஜ், ஆன்லைன் துணிமணி எல்லாம் போகிறது. முன்பு கல்லாவைத் திறந்தாலாவது சத்தம் கேட்கும். இப்போது அதுவும் இல்லை. கடைக்கு நடப்புக் கணக்கு, வீட்டுக்குச் சேமிப்புக் கணக்கு என்று பிரியுங்கள். கடையின் கியூ.ஆர். அட்டை கடைக் கணக்கோடு மட்டும் இருக்கட்டும். சனிக்கிழமைச் சம்பளத்தை அங்கிருந்து இங்கே மாற்றுங்கள். வீட்டார் போனில் கடைக் கணக்கு இருக்கவே கூடாது.

4. வீட்டுக்கு எடுக்கும் சரக்கையும் எழுதுங்கள். நம் கடைதானே என்று எண்ணெய்ப் பாக்கெட்டையும் பருப்பையும் எடுத்துப் போகிறோம். பிள்ளைகள் பிஸ்கட்டும் சாக்லெட்டும் எடுக்கிறார்கள். அசல் விலையில் எழுதி, சனிக்கிழமைச் சம்பளத்தில் கழியுங்கள்.

5. தெரிந்த செலவுக்கு முன்கூட்டியே எடுத்து வையுங்கள். ஜூன் மாதம் பள்ளிக் கட்டணம் வரும், தீபாவளி வரும், பொங்கல் வரும், இன்சூரன்ஸ் தவணை வரும். இவை ஒன்றும் திடீரென்று வருவன அல்ல. ஆண்டுச் செலவைக் கூட்டி 52-ஆல் வகுத்து வாரா வாரம் ஒதுக்குங்கள். அருகிலுள்ள வங்கியில் தொடர் வைப்புக் கணக்கு போதும்.

6. செய்முறைக்கு எல்லை கட்டுங்கள். கல்யாணம், காதுகுத்து, பூப்புனித நீராட்டு என்று மொய் வைப்பது நம் பக்கத்தில் விட முடியாத வழக்கம். விடச் சொல்லவும் மாட்டேன். நமக்கு வந்ததற்குத் திருப்பிச் செய்யத்தான் வேண்டும், அது கடன். நமக்குச் செய்தவர் யார், எவ்வளவு என்று மொய் நோட்டைப் பார்த்து அந்த அளவில் செய்யுங்கள். அவரைவிட நான் ஒரு படி மேலே என்று கூட்டிப் போடுவது செய்முறை அல்ல, போட்டி. நம் வீட்டு விசேஷத்தையும் அப்படியே பாருங்கள். விரலுக்கேற்ற வீக்கம் என்றார்கள் பெரியவர்கள். மொய் வரும் என்று நம்பி மொத்தக் கடைப் பணத்தில் பந்தி போடாதீர்கள்.

7. ஆசைக்குத் தவணை சொல்லுங்கள். ஒரு பொருளை வாங்க ஆசை வந்தால், நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதி போட்டு எழுதி வையுங்கள். 21 நாள் கழித்தும் அது வேண்டும் என்று தோன்றினால் சம்பளப் பணத்தில் வாங்குங்கள். சரக்குக்கு எங்களிடம் 21 நாள் தவணை கேட்கிறீர்களே, ஆசைக்கும் அதே தவணை கொடுத்துப் பாருங்கள். எழுதியதில் பாதிக்கு மேல் நீங்களே அடித்துவிடுவீர்கள்.

8. ஸ்கீமுக்காகச் சரக்கு எடுக்காதீர்கள். இத்தனை பெட்டி எடுத்தால் மிக்ஸி, இத்தனை எடுத்தால் தங்க நாணயம், வெளிநாட்டுச் சுற்றுலா என்று கம்பெனிகள் ஆசை காட்டுகின்றன. ஒரு மாதத்துக்குப் பத்துப் பெட்டி விற்கும் கடையில் அறுபது பெட்டியை அடுக்கினால் முதல் முடங்கும்; தேதி முடிந்த சரக்கைக் கடைசியில் அசலுக்கும் கீழே தள்ள வேண்டும். இப்படிச் சரக்கைத் தள்ளிவிடுவதில் மொத்த வியாபாரிகளாகிய எங்களுக்கும் பங்கு உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

9. வீட்டம்மாவிடம் கணக்கைக் காட்டுங்கள். நம்மில் பலர் கடைக் கணக்கை வீட்டில் சொல்வதில்லை. கல்லா நிறைய நோட்டைப் பார்க்கும் அவர்களும் அத்தனையும் நம் பணம் என்றே நினைப்பார்கள். மேலே சொன்ன 20,000 கணக்கை ஒரு நாள் உட்கார வைத்துச் சொல்லுங்கள். என் வீட்டில் சொன்ன பிறகு, அடுத்த விசேஷத்துக்குப் புதுப் பட்டுப்புடவை வேண்டாம் என்று முதலில் சொன்னது என் மனைவிதான்.

இடையில் ஒரு வாரம் தவறிப் போகும். தவறியதையும் எழுதி, அடுத்த வாரச் சம்பளத்தில் கழித்துவிட்டு மேலே நடங்கள். ஒரு நாள் தராசு கோளாறு செய்தது என்பதற்காக யாரும் கடையை மூடுவதில்லை.

மொத்த வியாபாரிகளுக்கு ஒரு வார்த்தை

பேரேட்டைப் புரட்டினால் எந்தக் கடை வழுக்குகிறது என்பது கடைக்காரருக்கு முன்பே நமக்குத் தெரியும். 21 நாளில் வந்த பணம் 40 நாளில் வரும்போது, ‘வட்டி போட்டு வாங்கிக்கொள்ளலாம்’ என்று சும்மா இருக்காமல் ஒரு டீ குடிக்க அழைத்துப் பேசுங்கள். கோபித்துக்கொண்டு போனால் போகட்டும். வாடிக்கையை இழக்கப் பயந்து வாயை மூடிக்கொண்ட நான், வாடிக்கையையும் இழந்தேன், பணத்தையும் இழந்தேன், ஒரு நல்ல கடை ஊருக்கு இல்லாமல் போவதையும் பார்த்தேன்.

அந்தக் கடைக்காரர் இன்று ஒரு பெரிய கடையில் மேற்பார்வையாளராக 22,000 ரூபாய் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறார். மிச்சச் சரக்கைத் திருப்பி எடுத்துக்கொண்டு, பாக்கிக்கு வட்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மாதம் 4,000 ரூபாய் தவறாமல் கொண்டுவந்து தருகிறார். சென்ற மாதம் பணத்தை எண்ணி வைத்துவிட்டுச் சொன்னார்:

“அண்ணாச்சி, கடை இருந்தப்ப மாசம் ஆறு லட்சம் கை மாறுச்சு. மாசக் கடைசில கடன்தான் மிஞ்சுச்சு. இப்ப இருபத்திரண்டாயிரம் வருது. உங்களுக்குக் கொடுத்தது போக வீடும் ஓடுது, ஐந்நூறு ரூபாய் சீட்டும் கட்டுறேன்.”

மனிதர் மாறவில்லை; வருமானமும் கூடவில்லை, சொல்லப்போனால் குறைந்திருக்கிறது. கையில் வருவது எல்லாம் தன் பணம் மட்டும்தான் என்பது ஒன்றே வித்தியாசம். அந்தச் சம்பளத்தைத் தன் கடையிலேயே தனக்கு அவர் போட்டுக்கொண்டிருந்தால், நாலு ரோடு சந்திப்பில் அந்தக் கடை இன்றும் காலை ஐந்தரைக்குத் திறந்திருக்கும்.

இந்த இதழைப் படித்து முடித்ததும் ஒரு நோட்டை எடுத்து, முதல் வரியில் இன்றைய தேதியையும், இன்று கல்லாவிலிருந்து சொந்தத்துக்கு எடுத்த தொகையையும் எழுதுங்கள். அந்த ஒரு வரி போதும். மீதியை நோட்டே சொல்லிக்கொடுக்கும்.